பத்து வோல்ட்டும் இந்திராணி அக்காவின் கண்ணும்

ஃபெயிலான வேன்

காலை பதினொரு மணிக்கு இந்திராணி அக்கா வேனை எங்கள் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில் இன்ஸ்பெக்‌ஷன் சென்டர் கொடுத்த தாள் கிடந்தது. வண்டி ஃபெயில். காரணம் ஹெட்லைட். இடது பக்கம் வெளிச்சம் போதாது, வலது பக்கமும் இழுபறிதான் என்று எழுதியிருந்தது.

பட்டறை கிள்ளானில், போர்ட் கிள்ளான் போகிற சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. நான் அங்கே வயர்மேன். பேட்டரி, ஸ்டார்ட்டர், விளக்கு, ஹாரன் என்று வண்டியில் கரண்ட் ஓடுகிற எல்லாம் என் பொறுப்பு. அப்போது எனக்கு அந்த வேலையில் இருபத்தாறு வருட அனுபவம். இருபத்தாறு வருடம் என்று இப்போது எழுதும்போது பெருமையாக இல்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

"பாஸ் ஆகலயா அக்கா?" என்றேன்.

"ஆகல தம்பி. நீ சொன்ன மாதிரியே ஆக்சிலேட்டர மிதிச்சுத்தான் புடிச்சேன். அப்பவும் பத்தலன்னுட்டாங்க. பெயர் மாத்தணும், ஸ்கூல் தொறக்கப்போவுது, குணா தெனமும் போன் அடிக்கிறான். நான் என்னா செய்யட்டும்?"

இந்திராணி அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறவர். பந்திங் சாலையை ஒட்டிய தோட்டப் பக்கத்திலிருந்து பதினாலு பிள்ளைகளை ஏற்றி, கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இறக்குவார். பத்தொன்பது வருடமாக அதே வேலை. காலையில் ஐந்தே முக்காலுக்கு முதல் பிள்ளையை ஏற்ற வேண்டும். எங்கள் ஊரில் விடிய ஏழு மணி ஆகும். ஆகவே அவருடைய காலைப் பொழுது முழுவதும் ஹெட்லைட் வெளிச்சத்தில்தான் ஓடும்.

அந்த வேனைத்தான் அவர் விற்கப் போகிறார். வாங்குகிறவன் குணா, அவர் கணவருடைய அக்கா மகன். வண்டியோடு பதினாலு பிள்ளைகளும் அவன் கைக்குப் போகும். பெயர் மாற்றுவதற்கு முன்னால் வண்டி இன்ஸ்பெக்‌ஷனில் பாஸ் ஆக வேண்டும். அதற்காகத்தான் போய் ஃபெயிலாகி வந்திருக்கிறார்.

ஏன் விற்கிறார் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். அக்காவுக்குக் கண் தெரியவில்லை.

ஆணியில் தொங்கிய ஜோடி

எங்கள் தொழிலில் வெளியே சொல்லாத ஒரு வழக்கம் உண்டு. சொல்லத்தான் போகிறேன். சொன்னால் பழைய கூட்டாளிகள் சிலர் என்னிடம் பேச மாட்டார்கள். பேசாமல் போகட்டும்.

பழைய வண்டிக்காரர்கள் வெளிச்சம் பத்தவில்லை என்று வருவார்கள். நாங்கள் வண்டியோடு வந்த ஹெலோஜன் பல்பைக் கழற்றி, அதே சாக்கெட்டில் பொருந்துகிற எல்.இ.டி பல்பைச் செருகுவோம். பத்து நிமிட வேலை. எதிரே உள்ள சுவர் பளீரென்று வெள்ளையாகும். வாடிக்கையாளர் முகமும் வெள்ளையாகும். ஆனால் வண்டியோடு வந்த விளக்கு வகையை அவரவர் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்பது சட்டம். இன்ஸ்பெக்‌ஷனில் பிடித்துவிடுவார்கள். அதற்கு என்ன வழி? பட்டறைச் சுவரில் ஒரு ஆணி. அதில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு ஜோடி ஹெலோஜன் பல்ப். அதற்கு "இன்ஸ்பெக்‌ஷன் செட்" என்று பெயர். சோதனைக்குப் போகிற காலையில் அதை மாட்டி அனுப்புவோம். பாஸ் ஆகி வந்ததும் கழற்றி ஆணியில் தொங்கவிட்டு, எல்.இ.டியைத் திரும்பச் செருகுவோம். அந்த ஒரே ஜோடி எத்தனை வேன்களை, எத்தனை லோரிகளை, எத்தனை பழைய டாக்சிகளைப் பாஸ் பண்ண வைத்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

இன்னொரு வித்தையும் உண்டு. வெளிச்சம் அளக்கும்போது எஞ்சினை லேசாக உறுமவிட்டால் கரண்ட் கொஞ்சம் ஏறும், விளக்கும் கொஞ்சம் பிரகாசமாகும். "ஆக்சிலேட்டர மிதிச்சுப் புடிங்க" என்று நாங்கள் எல்லாருக்கும் சொல்லி அனுப்புவோம். ஏதோ மருத்துவ ஆலோசனை போல.

சோதனை எதற்காக வைத்திருக்கிறார்கள்? வண்டி தெருவில் எப்படி ஓடுகிறதோ அப்படியே பார்ப்பதற்கு. நாங்கள் காட்டியதோ அரை நாள் வேஷம். பதினாலு பிள்ளைகள் ஏறுகிற வண்டிக்கும் அதே வேஷம்தான்.

அக்காவின் கண்

இந்திராணி அக்கா முதலில் எங்களிடம் வந்தது வெளிச்சம் மங்கல் என்றுதான். அடுத்த மாதம் மறுபடி வந்தார். தவுக்கே எல்.இ.டி எடுத்துக் கொடுத்தார், நான் மாட்டினேன். எங்கள் முதலாளி தமிழர்தான், ஆனால் கிள்ளானில் முதலாளி என்றால் எல்லாருக்கும் தவுக்கே.

எல்.இ.டி போட்ட பிறகுதான் அக்காவுக்கு நிலைமை மோசமானது. ஏன் என்று இங்கே சொல்லிவிடுகிறேன். ஹெலோஜன் பல்புக்குள் இழை ஒன்று இருக்கும், அரிசி நீளம்கூட இல்லை. விளக்கின் உள்ளே உள்ள வெள்ளிக் கிண்ணம், அந்த இழை அந்த இடத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. அங்கிருந்து வருகிற வெளிச்சத்தைத்தான் அது தூரத்துக்கும் இடது ஓரத்துக்கும் சரியாக அனுப்பும். வேறு அமைப்புள்ள எல்.இ.டியை அதில் செருகினால் வெளிச்சம் கண்டபடி சிதறும். வண்டி மூக்குக்கு முன்னால் பத்தடி பால் கொட்டின மாதிரி இருக்கும். மீதி வெளிச்சம் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். தூரத்தில் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் பிரகாசம் அதிகமானால் ஓட்டுகிறவரின் கண் அதற்குப் பழகிப்போய், தூரம் இன்னும் இருட்டாகும். மழை என்றால் கேட்கவே வேண்டாம், வெள்ளை வெளிச்சம் திரும்பி முகத்திலேயே அடிக்கும்.

ஒரு மழைக் காலை, தோட்டத்துச் சாலையில் செம்பனை மட்டை ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தது. அக்கா அதைக் கிட்ட போய்த்தான் பார்த்தார். சட்டென்று பிரேக் அடித்தார். பின்னால் இருந்த ஒரு பெண் பிள்ளைக்கு முன் சீட்டில் மோதி உதடு கிழிந்துவிட்டது. அன்றைக்கே பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு ஆரம்பித்தது. ஆன்டிக்கு வயசாயிடுச்சு, ஆன்டிக்குக் கண் போய்விட்டது, லைட்டெல்லாம் புதுசு, அவ்வளவு வெள்ளையா அடிக்குது, அப்பவும் தெரியலன்னா கண்ணுதான் காரணம். இரண்டு வீட்டில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள்.

அக்கா பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் போய்க் கண்ணைக் காட்டினார். கண்ணாடியைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி போனார். உங்கள் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அதை யாரும் நம்பவில்லை. கடைசியில் அவரும் நம்பவில்லை.

ஒரு ஆண் டிரைவர் தெரியவில்லை என்றால் வண்டியைப் பார்ப்பார்கள். ஐம்பத்து நாலு வயதுப் பெண் தெரியவில்லை என்றால் பெண்ணைப் பார்க்கிறார்கள். இருபத்தாறு வருடத்தில் எத்தனை லோரி டிரைவர்கள் என்னிடம் "லைட்டு சரியில்ல" என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் யாரும் கண் டாக்டரிடம் அனுப்பவில்லை.

பத்து புள்ளி ஒன்று

ஃபெயில் தாளைப் பார்த்த தவுக்கே சொன்னார்: "ஆணியில தொங்குறது பழசாயிருச்சு. பொட்டி பிரிக்காத பல்ப் ரெண்டு எடுத்து மாட்டு. மத்தியானமே திரும்ப அனுப்பிடலாம்."

புதுப் பல்ப் மாட்டினேன். விளக்கைப் போட்டு, கதவை இறக்கி, உள்ளே இருட்டாக்கிப் பார்த்தேன். தேயிலைச் சாயம் மாதிரி ஒரு மஞ்சள். புதுப் பல்ப் அந்த நிறத்தில் எரியக் கூடாது.

அப்போதுதான் மீட்டரை எடுத்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் பதின்மூன்று புள்ளி ஒன்பது வோல்ட். நல்லது. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே இடது பல்பின் சாக்கெட்டில் ஊசியை வைத்தேன். பத்து புள்ளி ஒன்று. மறுபடி வைத்தேன். பத்து புள்ளி ஒன்று.

கிட்டத்தட்ட நாலு வோல்ட் வழியிலேயே தொலைந்துபோயிருக்கிறது. தண்ணீர்க் குழாயில் ஓட்டை இருந்தால் மேல்மாடியில் சொட்டு சொட்டாக வருமே, அந்தக் கதைதான். ஹெலோஜன் பல்புக்கு வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் நிறையக் குறையும். பத்து வோல்ட்டில் அது பாதி வெளிச்சம்கூடக் கொடுக்காது.

தேடினேன். பேட்டரித் தட்டுக்குக் கீழே எர்த் ஸ்க்ரூ பச்சைப் பாசி பிடித்துக் கிடந்தது. துறைமுகப் பக்கத்துக் காற்றுக்கு அப்படித்தான் ஆகும். அங்கே மட்டும் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் போயிற்று. மீதி, ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்சின் கருகிய முனைகளிலும் முப்பது வருடத்து மெல்லிய வயரிலும் போயிற்று. யாரோ ஒரு புண்ணியவான் நடுவில் அலாரத்துக்கு வேறு வயர் அறுத்து முறுக்கி டேப் சுற்றியிருந்தான். இடது விளக்கின் வெள்ளிக் கிண்ணம் உரிந்து, சாம்பல் தெரிந்தது.

அக்கா முதல் நாள் மங்கல் என்று சொன்னாரே, அது இதுதான். அவர் சொன்னது அட்சர சுத்தமான உண்மை. எல்.இ.டி கொஞ்சம் கரண்டைத்தான் இழுக்கும், அதனால் இந்த நோய் அதில் தெரியாது. நாங்கள் நோயை மூடி வைத்துவிட்டு, மேலே புது நோய் ஒன்றையும் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். இரண்டு வருடத்தில் நாலு முறை இன்ஸ்பெக்‌ஷன் செட்டை மாட்டியவன் நான். நாலு முறையும் அந்த சாக்கெட்டைக் கையால் தொட்டவன் நான். மீட்டர் வைக்க அரை நிமிடம்கூட ஆகாது.

"விக்கிற வண்டிதானே"

தவுக்கேயிடம் சொன்னேன். ரிலே போட்டு, எர்த் புதிதாக இழுத்து, இடது விளக்கையே மாற்ற வேண்டும் என்றேன்.

"விக்கிற வண்டிதானேலா. எர்த்த மட்டும் சொறண்டிட்டு அனுப்பு. ஒரு நாள் பாஸ் ஆனா போதும்."

"பிள்ளைங்க ஏர்ற வண்டி தவுக்கே."

"ஏறட்டும். அது வாங்குறவன் பாடு. நீ என்னா ஆஸ்பத்திரியா நடத்துற?"

அந்த நேரம் பார்த்து குணா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். முப்பது வயதிருக்கும். வேன் முன்னால் கழற்றிப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அங்கிள், அந்த எல்.இ.டிய தூக்கிப் போட்டுறாதீங்க. பாஸ் ஆனதும் எனக்கு அதையே மாட்டிக் குடுங்க. பவர் லைட்டு அது."

"அதுல தூரம் தெரியாதுப்பா."

"அத்தைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்று சிரித்தான். அக்கா மூன்றடி தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுந்தது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த ஸ்பேனரை வீசாமல் இருந்தது பெரிய விஷயம். தவுக்கேயிடம் போய், இந்த வேலையை என் கணக்கில் செய்கிறேன், சாமான் விலையை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் அரைகுறையாக அனுப்ப மாட்டேன் என்றேன். அவர் கையை உதறிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அக்காவிடம் சொன்னேன்: "வண்டி இன்னைக்கு இங்கயே இருக்கட்டும். நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு வாங்க. சென்டருக்குப் போறதுக்கு முன்ன நீங்க ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும்."

"நான் ஓட்டி என்னா ஆவப்போவுது தம்பி? குணாவ வரச் சொல்லவா?"

"நீங்கதான் வரணும்" என்றேன்.

ஒழுங்காகச் செய்த வேலை

இந்தப் பகுதி தொழிலில் இருக்கிறவர்களுக்கு. மற்றவர்களும் படிக்கலாம். அப்போதுதான் பட்டறையில் உங்கள் தலையில் யாரும் மிளகாய் அரைக்க முடியாது.

பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்தேன். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். லோ பீமுக்கு ஒரு ரிலே, ஹை பீமுக்கு ஒரு ரிலே. பழைய வயரும் ஸ்விட்சும் இனிமேல் ரிலேயை எழுப்பிவிடுகிற வேலையை மட்டும் செய்யும். விளக்குக்குப் போகிற கரண்ட் அந்த வழியில் போகாது. இரண்டு விளக்குக்கும் தனித்தனி எர்த், நேராக பேட்டரி நெகட்டிவுக்கு. இளகிப்போன பிளாஸ்டிக் சாக்கெட்டுகளை எடுத்துவிட்டு செராமிக் சாக்கெட் போட்டேன்.

விளக்கு ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் சாலையில் ஒற்றைக் கண்ணன் மாதிரிதான். அதே மாடல் வேனுக்கான, முத்திரை குத்திய விளக்கு. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் இடது பக்கம் ஓட்டுகிற நாடு. வலது பக்கம் ஓட்டுகிற நாட்டுக்குச் செய்த விளக்கு மலிவாகக் கிடைக்கும், பொருந்தவும் செய்யும். ஆனால் அதன் வெளிச்சம் எதிரே வருகிறவன் பக்கமாக மேலே ஏறும். எனக்குத் தெரிந்த இரண்டு பட்டறைகள் இந்தத் தப்பைச் செய்துவிட்டு, ஸ்க்ரூவைத் திருகித் திருகி நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டன.

பல்ப் சாதாரண ஹெலோஜன், வண்டிக்குச் சொன்ன அதே வாட்ஸ். நூறு வாட்ஸ் போட்டால் என்ன என்று கேட்பார்கள். சாக்கெட் உருகும், எதிரே வருகிறவன் கண் கூசும், சம்மன் வரும். வேறொன்றும் ஆகாது.

பிறகு டயர் காற்றைச் சரிபார்த்து, டிரைவர் சீட்டில் அக்காவின் எடைக்கு ஈடாக இரண்டு பேட்டரியைத் தூக்கி வைத்து, சமதளத்தில் வேனை நிறுத்தி, சுவரில் கோடு போட்டு விளக்கை ஏய்ம் பண்ணினேன். லோ பீமின் மேல் விளிம்பு வலது பக்கம் தாழ்ந்து படுத்திருக்க வேண்டும், இடது பக்கம் மட்டும் சாய்ந்து மேலே ஏற வேண்டும். அப்போதுதான் எதிராளி கண் தப்பும், நம் ஓரத்தில் நடக்கிற ஆள் தெரிவார்.

எல்லாம் முடித்து மீட்டர் வைத்தேன். பதின்மூன்று புள்ளி ஐந்து. விளக்கு வகை மாறவில்லை, வாட்ஸ் மாறவில்லை, நிறம் மாறவில்லை. சட்டத்துக்கு ஒளிய வேண்டிய வேலை ஒன்றுகூட அதில் இல்லை. இதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

விடிவதற்கு முன்

மறுநாள் ஐந்து மணிக்கு அக்கா வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பந்திங் சாலையில் கொஞ்ச தூரம் போய், அவர் வழக்கமாகப் பிள்ளை ஏற்றுகிற தோட்டத்துச் சாலைக்குள் திருப்பினார். தெருவிளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் செம்பனை.

முதலில் மெதுவாகத்தான் போனார். கழுத்தை முன்னால் நீட்டி, முன்கண்ணாடிக்கு மூக்கைக் கொடுத்து ஓட்டினார். இரண்டு வருடத்துப் பழக்கம். பிறகு ஒரு வளைவு தாண்டியதும் முதுகு தானாகப் பின்னால் போய் சீட்டில் சாய்ந்தது.

"அங்க ஒரு நாய் படுத்திருக்கு" என்றார். நானும் அப்போதுதான் பார்த்தேன். நல்ல தூரத்தில் இருந்தது.

"லோங்காங் கல்லு தெரியுது. அந்தக் கல்லு பக்கத்துலதான் தர்ஷினி வேனுக்கு நிப்பா" என்றார், சாலையோரச் சாக்கடையைத் தாண்டப் போட்ட கல்லைக் காட்டி.

எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. இரண்டு வருடமாக எதிரே வருகிற எல்லாரும் அவருக்கு ஹை பீம் அடித்துத் திட்டிவிட்டுத்தான் போவார்கள். இந்த ஆள் ஒன்றும் செய்யாமல் போனான். அக்கா அவன் முதுகைக் கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அப்புறம் வேனை ஓரம் கட்டி நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். நன்றி சொல்வார் என்றும் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். முந்தின நாளெல்லாம் நான் மனசுக்குள் தவுக்கேயைத் திட்டினேன், குணாவைத் திட்டினேன், வாட்ஸ்அப் பெற்றோரைத் திட்டினேன். அத்தனை பேருக்கும் நடுவில் நான் ஒருவன்தான் நியாயஸ்தன் என்ற நினைப்பில் இருந்தேன்.

"தம்பி, நான் எத்தன தடவ ஒன் பட்டறைக்கு வந்திருப்பேன்?"

எண்ணிப் பார்த்தேன். "இதோட ஏழு தடவ இருக்கும் அக்கா."

"மொத தடவ வந்தப்ப நீ என்னா சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

இல்லை. எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை.

"நான் லைட்டு மங்கலா இருக்குன்னு சொன்னேன். நீ லைட்டப் போட்டே, செவுத்தப் பாத்தே. 'லைட்டு நல்லாத்தான் எரியுது, கண்ண செக் பண்ணுங்க அக்கா'ன்னு சொன்னே. தவுக்கே சிரிச்சாரு. என் வீட்டுக்காரரு பக்கத்துல நின்னாரு, அவரும் சிரிச்சாரு. அன்னைக்கு ராத்திரி வீட்ல சொன்னாரு, வயர்மேனே சொல்லிட்டான் ஒனக்குக் கண்ணு பத்தலன்னு. அப்புறம் அவங்க அக்காகிட்ட சொன்னாரு. குணாவுக்கு அப்படித்தான் தெரியும். ஊரு பூரா அப்படித்தான் தெரியும்."

அக்கா ஸ்டியரிங்கை விடாமல் தொடர்ந்தார்.

"ரெண்டு வருசம் தம்பி. கண்ணாடி மாத்துனேன். சொட்டு மருந்து ஊத்துனேன். சாமிக்குக் கண்மலர் வாங்கிப் போட்டேன். அந்தப் பிள்ள ஒதடு கிழிஞ்சப்ப, அவங்க அம்மா கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டேன். எல்லாத்தையும் என் கண்ணுன்னு நெனச்சேன். எந்த எடத்துல தெரியல, கிட்டயா தூரமான்னு நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே. ஒருத்தனும் கேக்கல."

மன்னிச்சிருங்க அக்கா என்றேன். அவர் கியர் போட்டு வண்டியை எடுத்தார்.

அன்று காலை வேன் இன்ஸ்பெக்‌ஷனில் பாஸ் ஆனது. ஆக்சிலேட்டரை யாரும் மிதிக்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பும்போது குணா கிரானோடு, அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தோடு, காத்திருந்தான். "பாஸ் ஆயிடுச்சா அத்தை? வாங்க, பெயர் மாத்தப் போயிருவோம்."

"வேன் விக்கல" என்றார் அக்கா.

"என்னா அத்தை இது? பேசி முடிச்சதுதானே?"

"ஒங்கிட்ட பேசுனது கண்ணு தெரியாத இந்திராணி. அவள எங்கயாச்சும் பாத்தா அவகிட்ட கேட்டுக்க."

அவன் என்னைப் பார்த்தான், தவுக்கேயைப் பார்த்தான். அக்கா வேனில் ஏறி, ரிவர்ஸ் எடுத்து, அந்தக் குறுகல் சந்தில் எதையும் உரசாமல் வெளியே போனார்.

புதிதாக வருகிறவர்களுக்கு

அன்றைக்கே அந்த ஆணியைப் பிடுங்கினேன். தவுக்கே வேறு ஆணி அடித்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் நான் அங்கிருந்து விலகி, கிள்ளானிலேயே செந்தோசா பக்கம் சொந்தமாகச் சின்னதாக ஒரு கடை வைத்தேன். இன்ஸ்பெக்‌ஷன் செட் கேட்டு இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள். இல்லை என்றால் முறைக்கிறார்கள். எல்லா பட்டறையிலும் இருக்கே, உனக்கு மட்டும் என்ன என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் எரிச்சலோடுதான் பதில் சொல்கிறேன். இதில் பொறுமையாகப் பேச எனக்கு இன்னும் வரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். ஒருவர் வெளிச்சம் பத்தவில்லை என்று வந்தால், எங்கே தெரியவில்லை என்று முதலில் கேளுங்கள். கிட்டவா, தூரமா, இடது ஓரமா, மழையிலா என்று கேளுங்கள். அவர் சொல்லி முடித்ததும், விளக்கு எரியும்போது சாக்கெட்டில் வோல்ட்டை அளந்துவிட்டு அப்புறம் வாயைத் திறங்கள். ஓட்டுகிறவரின் கண்ணைப் பற்றிச் சொல்ல வயர்மேனுக்கு எந்தத் தகுதியும் கிடையாது. தமாஷுக்குக்கூடச் சொல்லக் கூடாது. நான் மறந்துபோன ஒரு தமாஷ், ஒரு மனுஷியின் இரண்டு வருடத்தைத் தின்றிருக்கிறது.

இந்திராணி அக்கா இன்றும் ஓட்டுகிறார். நின்றுபோன இரண்டு வீட்டில் ஒரு வீட்டுப் பிள்ளை திரும்ப வந்துவிட்டதாகக் கேள்வி. என் கடைக்கு அவர் ஒரு முறைகூட வந்ததில்லை. நானும் கூப்பிடவில்லை. போர்ட் கிள்ளானில் எனக்குத் தெரிந்த இன்னொரு வயர்மேனிடம் போகிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஹெட்லைட்டுக்கு மீட்டர் வைக்கச் சொல்வாராம். எத்தனை என்று அவன் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டாராம். தள்ளு என்று சொல்லிவிட்டு, குனிந்து, அந்த எண்ணைத் தானே படித்துப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பாராம்.